மாஷிங் கலம் வாங்கும் முன் தானியத்தை முடிவு செய்யுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாறு வாங்காமல் முழுத் தானியத்திலிருந்தே வீட்டில் பீர் தயாரிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இந்தப் பொருளைத் தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததே பாராட்டுக்குரியது. ஆனால் கருவிகளைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பகுதியில் அவர் சொல்லியிருக்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் கலத்தை வாங்கிவிட்டு, அதில் என்ன செய்யலாம் என்று பிறகு யோசிக்கச் சொல்கிறார். போதாக்குறைக்கு, பீருக்கும் வடித்தெடுக்கும் மதுவுக்கும் ஒரே பட்டியலைக் கொடுத்துவிடுகிறார். எந்தத் தானியம், ஒரு தடவைக்கு எத்தனை கிலோ, முடிவில் வேண்டியது பீரா வடிமதுவா என்ற மூன்றையும் தீர்மானித்துக்கொண்டவருக்கு எந்தக் கலம் என்ற கேள்வியில் பாதி அப்போதே தீர்ந்துவிடும். அவற்றைத் தீர்மானிக்காமல் வாங்கியவர் சீக்கிரமே இரண்டாவது கலத்தைத் தேடிப் போவார்.

மாஷிங்கில் நடப்பது இவ்வளவுதான்: நொறுக்கிய மால்ட்டை வெந்நீரில் கலந்து (இந்தக் கலவையே மாஷ்) ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒரே வெப்பத்தில் வைத்திருந்தால், மால்ட்டிலேயே இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன, பிறகு அந்த இனிப்பு நீரைச் சக்கையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். ஆகவே கலத்திடம் நாம் எதிர்பார்ப்பவை இரண்டே. வெப்பத்தைக் காக்க வேண்டும், சக்கையை நிறுத்திக்கொண்டு நீரை விட வேண்டும். பம்ப், திரை, கைப்பேசிச் செயலி என்று விளம்பரங்கள் அடுக்கும் மற்றவையெல்லாம் வசதிகள். அவற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை. தேவையையும் வசதியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

வெப்பத்தைக் காப்பது என்றால் எவ்வளவு துல்லியமாக என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளில் பீட்டா அமைலேஸ், ஆல்ஃபா அமைலேஸ் என்ற இரண்டு முக்கியமானவை. முன்னது 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக வேலை செய்து, ஈஸ்ட் முழுவதும் உண்ணக்கூடிய சர்க்கரையைத் தருகிறது. பின்னது 70 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சுறுசுறுப்பாகி, ஈஸ்ட்டால் உண்ண முடியாத நீண்ட சங்கிலிகளையும் மிச்சம் வைக்கிறது. 64 டிகிரியில் வைத்த மாஷில் பீர் உலர்ந்து இலேசாக வரும். 69 டிகிரியில் வைத்தால் அதே மால்ட்டில் கனமான, சற்றே இனிப்பு தங்கிய பீர் வரும். இடையில் இருப்பது ஐந்து டிகிரிதான். வெப்பம் இரண்டு டிகிரி இறங்கிப்போனால் வெந்நீர் ஊற்றி மீட்டுக்கொள்ளலாம். ஆனால் 70 டிகிரியைத் தாண்டிச் சிறிது நேரம் நின்றுவிட்டால் பீட்டா அமைலேஸ் அழிந்துவிடும். அதன்பிறகு குளிர்ந்த நீரை ஊற்றி வெப்பத்தை இறக்கினாலும் அழிந்த நொதி திரும்பி வராது. எனவே வெப்பத்தை மெல்ல இழக்கும் கலத்தைவிட, கீழிருந்து சூடேற்றும்போது கவனிக்காமல் ஏறிவிடும் கலமே ஆபத்தானது.

இந்தக் கோணத்தில் பார்த்தால், கட்டுரையாளர் ஒரு வரியில் ஒதுக்கிவிட்ட ஐஸ் பெட்டிக்கு உரிய மதிப்பு புரியும். பானங்களைக் குளிர்ச்சியாக வைத்திருக்கச் செய்யப்பட்ட, வெப்பக்காப்பு கொண்ட அந்தப் பெட்டி, வெந்நீரையும் அதே கடமையுணர்வோடு காக்கிறது. முன்கூட்டியே சூடான நீரால் அலசி வைத்த நல்ல பெட்டியில், நிறைய மாஷ் இருந்தால், ஒரு மணி நேரத்தில் ஓரிரு டிகிரிதான் குறையும். இதில் அடுப்பு இல்லாததால் வெப்பம் ஏறிவிடும் பயமும் இல்லை. ஆனால் அடுப்பு இல்லாத காரணத்தினாலேயே முதலில் ஊற்றும் நீரின் வெப்பத்தைச் சரியாகக் கணக்கிட்டாக வேண்டும். ஒரு கிலோ மால்ட்டுக்கு எத்தனை லிட்டர் நீர் என்ற எண்ணால் 0.41-ஐ வகுத்து, வர வேண்டிய வெப்பத்துக்கும் மால்ட்டின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, வர வேண்டிய வெப்பத்தோடு கூட்டினால் நீரின் வெப்பம் கிடைக்கும். 5 கிலோ மால்ட்டுக்கு 15 லிட்டர் நீர், மால்ட் 20 டிகிரியில் இருக்கிறது, மாஷ் 66 டிகிரியில் நிற்க வேண்டும் என்றால் நீர் ஏறக்குறைய 72 டிகிரியில் இருக்க வேண்டும். மால்ட் 30 டிகிரியில் இருந்தால் 71 போதும். பெட்டியின் சுவர் உறிஞ்சும் வெப்பம் இந்தக் கணக்கில் இல்லை; முன்கூட்டியே அலசச் சொன்னது அதற்காகத்தான். உள்சுவர் பிளாஸ்டிக்காக இருப்பதால் கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றுவதும் கூடாது. சில பெட்டிகளின் உள்சுவர் அந்தச் சூட்டில் நெளிந்துவிடும்.

பெட்டியின் அடியில் என்ன பொருத்துவது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. துளையிட்ட எவர்சில்வர் தட்டு, வரிசையாகக் கீறல் போட்ட செம்புக் குழாய், எவர்சில்வர் பின்னல் உறை என்று மூன்று வழிகளும் பயன்பாட்டில் இருக்கின்றன. சக்கைக்கு வடிகட்டி இவற்றில் எதுவும் அல்ல, மால்ட்டின் உமிதான். தட்டும் குழாயும் அந்த உமிப் படுகையைத் தாங்குகின்றன, அவ்வளவே. முதலில் வரும் கலங்கிய நீரை இரண்டு மூன்று லிட்டர் பிடித்து மெதுவாக மேலே திருப்பி ஊற்றினால் படுகை தானாகப் படிந்து, அதன்பின் தெளிந்த நீர் இறங்கும். பொறுமை இழந்து குழாயை முழுவதும் திறந்துவிட்டால் படுகை கீழ்நோக்கி இழுபட்டு இறுகும். ஓட்டம் நூலாக மெலிந்து, கடைசியில் குழாயின் வாயில் ஒரு காற்றுக் குமிழி வந்து நின்றுவிடும். கோதுமை, ரை போன்ற உமியில்லாத தானியங்களைக் கணிசமாகச் சேர்க்கிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். ரையில் பசைத்தன்மையும் அதிகம். அவர்கள் கைப்பிடி நெல் உமியைக் கழுவிக் கலந்துகொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் அவர்களுக்குப் பை முறையே மேல்.

பை முறை ஆஸ்திரேலிய வீட்டுத் தயாரிப்பாளர்களிடமிருந்து பரவியது. ஒரே பெரிய பாத்திரம், அதற்குள் மெல்லிய வலைத்துணிப் பை, அதற்குள் மால்ட். நேரம் ஆனதும் பையைத் தூக்கி வடியவிட்டு, அதே பாத்திரத்தில் கொதிக்கவைத்துவிடலாம். படுகை வழியாக வடிகட்டும் வேலை இல்லாததால் மால்ட்டை நன்றாகப் பொடியாகவே அரைத்துக்கொள்ளலாம். சக்கை அடைத்துக்கொள்ளும் பயம் மிகக் குறைவு. தொடங்குகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். ஆனால் கட்டுரையில் 20 லிட்டர் பீருக்கு 30 லிட்டர் பாத்திரம் போதும் என்று இருக்கிறது. அது போதாது. கையில் 20 லிட்டர் தங்க வேண்டுமானால், ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாகும் 4 லிட்டரையும், 5 கிலோ மால்ட் கிலோவுக்கு 0.8 லிட்டர் வீதம் பிடித்துக்கொள்ளும் 4 லிட்டரையும், அடியில் வண்டலோடு போகும் ஒரு லிட்டரையும் சேர்த்து 29 லிட்டர் நீரில் தொடங்க வேண்டும். மால்ட்டும் இடம் பிடிக்கும். கிலோவுக்கு ஏறக்குறைய 0.67 லிட்டர் என்று வைத்தால் அது 3 லிட்டருக்கு மேல். ஆக 32 லிட்டருக்கு மேல் ஆகிவிடுகிறது, அதுவும் விளிம்பில் துழாவ இடம் விடாமல். 40 லிட்டர் பாத்திரம் வாங்குவதே புத்திசாலித்தனம். 30 லிட்டர்தான் இருக்கிறது என்றால் குறைந்த நீரில் மாஷ் செய்து, தூக்கிய பையின் மேல் மீதி நீரை ஊற்றிக் கழுவலாம்.

தூக்குவது என்று எளிதாக எழுதிவிட்டேன். 5 கிலோ மால்ட் நீரைக் குடித்தபின் வடியும் முன்னர் 10 கிலோவைத் தாண்டும். அதிலிருந்து சொட்டுவது 65 டிகிரிக்கு மேற்பட்ட ஒட்டும் பாகு. அதைக் கையால் நெஞ்சுயரத்துக்குத் தூக்கிப் பிடித்து நிற்பது எவருக்கும் உகந்ததல்ல. தலைக்கு மேல் எடை தாங்கும் கொக்கியும் ஒரு கப்பியும் இருக்கும் இடத்தில்தான் இந்த முறையைத் தொடங்க வேண்டும். கொதித்த பாத்திரத்தைத் தூக்கிச் சாய்ப்பதும் அப்படியே; அடியில் பந்து வால்வு பொருத்திய பாத்திரமாக வாங்க வேண்டும், அந்த வால்வு மூன்று பாகமாகக் கழற்றிக் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும். மாஷ் நடக்கும்போது அடுப்பை மூட்டினால் பையின் அடி பாத்திரத்தோடு ஒட்டித் தீய்ந்துவிடும் என்பதால், பைக்குக் கீழே ஒரு துளைத்தட்டும் தேவை.

இப்போது கட்டுரையாளர் மனம் கவர்ந்த மின்சார இயந்திரத்துக்கு வருகிறேன். ஒரே எவர்சில்வர் உருளைக்குள் மால்ட் கூடை, அடியில் சூடேற்றி, கீழிருந்து மேலே நீரைச் சுழற்றும் பம்ப், வெப்பத்தைக் குறித்துவைக்கும் கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் அடங்கிய இந்த இயந்திரங்கள் உண்மையிலேயே நல்லவை. இடம் குறைவாக இருப்பவருக்கும், வெப்பத்தைப் படிப்படியாக ஏற்ற விரும்புபவருக்கும் இவற்றைவிட வசதியானது இல்லை. ஆனால் வாங்கும் முன் இரண்டைப் பார்க்க வேண்டும். முதலாவது, சூடேற்றியின் திறன். 30 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 66 டிகிரிக்குக் கொண்டுவர 1500 வாட் சூடேற்றிக்கு, வெளியே போகும் வெப்பத்தைக் கணக்கில் எடுக்காமலே, 57 நிமிடம் ஆகும். 2400 வாட்டுக்கு 36 நிமிடம். அங்கிருந்து கொதிநிலைக்குப் போக மறுபடியும் முறையே 47, 30 நிமிடங்கள். வீட்டு மின்இணைப்பு தாங்கும் அளவு எவ்வளவு என்று தெரியாமல் இயந்திரத்தைத் தேர்வு செய்வது வீண். இரண்டாவது, வெப்ப உணரி எங்கே இருக்கிறது என்பது. பல இயந்திரங்களில் அது அடியில், சூடேற்றிக்கு அருகில் இருக்கிறது. திரையில் 66 என்று காட்டும்போது கூடையின் நடுவில் மால்ட் அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கலாம். பம்ப்பை வேகமாக ஓட்டினால் மேலே ஊற்றும் நீர் படுகைக்குள் இறங்காமல் கூடையின் நடுவே இருக்கும் வழிகுழாய் வழியாகக் கீழே வழிந்துவிடும், படுகையும் இறுகும். மெதுவாக ஓட்டினால் வெப்பம் சீராகப் பரவாது. இந்த நடுநிலையைக் கண்டுபிடிக்கப் பலகையில் பொத்தான் கிடையாது. மாவு மிகுதியாக இருந்தால் அது கூடையிலிருந்து நழுவிச் சூடேற்றித் தட்டின் மேல் படிந்து அடிப்பிடிக்கும். பாதுகாப்பு விசை அப்போது சூடேற்றியை நிறுத்திவிடும், கொதி நடுவில் நின்றுபோகும்.

மூன்று கலம், இரண்டு பம்ப், வெப்பமாற்றிச் சுருள் என்று அடுக்கும் பெரிய அமைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பார்க்க அழகாக இருக்கும். கழுவ உட்காரும்போதுதான் எத்தனை குழாய் என்று தெரியும்.

கலத்தின் அளவிலும் ஓர் எச்சரிக்கை. சிறியது தவறு என்பது எல்லோருக்கும் தெரியும், மிகப் பெரியதும் அதே அளவுக்குத் தவறு என்பது தெரிவதில்லை. 50 லிட்டர் பெட்டியில் 3 கிலோ மால்ட் போட்டால் படுகை விரலளவு ஆழத்தில் பரந்து கிடக்கும். வடிகட்டவும் செய்யாது, வெப்பத்தையும் விரைவில் இழக்கும். 5 கிலோவுக்கு மூன்று மடங்கு நீர் என்றால் மொத்தம் 18 லிட்டரைச் சற்றுத் தாண்டும். 25 லிட்டர் பெட்டி சரியாக இருக்கும். எப்போதாவது ஒருமுறை செய்யவிருக்கும் கனத்த பீருக்காகப் பெரிய பெட்டியை வாங்க வேண்டாம். அந்த ஒரு நாள் பீரின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

கட்டுரை ஒரு சொல்கூடச் சொல்லாத இரண்டு பொருள்களுக்குத்தான் நான் முதலில் பணம் ஒதுக்கச் சொல்வேன். ஒன்று நல்ல வெப்பமானி. பாத்திரத்தின் பக்கத்தில் திருகிய வட்ட முகப்பு வெப்பமானி இரண்டு மூன்று டிகிரி தவறிக் காட்டுவது சாதாரணம். மேலே சொன்ன ஐந்து டிகிரி வித்தியாசத்தில் பாதி அதிலேயே போய்விடும். நீண்ட ஊசி கொண்ட மின்னணு வெப்பமானி வாங்கி, பனிக்கட்டி கரையும் நீரில் 0 காட்டுகிறதா என்று சோதித்துவிட்டு, மாஷை நன்கு துழாவி நடுவிலும் ஓரத்திலும் அளந்து பார்க்க வேண்டும். மற்றொன்று உருளை மில். துளைத்தட்டுக் கலத்துக்கு உருளைகளின் இடைவெளி 1 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் உமி கிழியாமல் உள்ளீடு நொறுங்கும்; பைக்கு இன்னும் நெருக்கிக்கொள்ளலாம். நொறுங்காமல் முழுதாக விழும் மணிகள் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்திலும் சர்க்கரை தராது. மாவுச்சத்து மாறிவிட்டதா என்று அறிய வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு துளி வோர்ட்டை (மாஷிலிருந்து வரும் இனிப்பு நீரை) விட்டு, பக்கத்தில் ஒரு துளி அயோடின் கரைசலை விட்டுச் சேர்த்துப் பார்ப்பது போதும். கருநீலமாக மாறினால் இன்னும் மாவுச்சத்து இருக்கிறது, அயோடினின் பழுப்பு நிறமே நின்றால் வேலை முடிந்தது. உமித் துண்டு துளியில் கலந்துவிட்டால் அதுவே கருக்கும், அதைக் கண்டு மிரள வேண்டாம். சோதித்த துளியைக் கொட்டிவிட வேண்டும், மாஷில் திருப்பி ஊற்றக் கூடாது.

திறன் சதவீதத்தைக் காட்டி இயந்திரங்களை ஒப்பிட்டிருப்பதும் சரியாகப் படவில்லை. மால்ட்டில் இருக்கும் சர்க்கரையில் 75 சதவீதத்தை எடுக்கும் கலத்துக்கும் 65 சதவீதம் எடுக்கும் கலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, 5 கிலோவுக்குப் பதிலாக ஏறத்தாழ 5.8 கிலோ மால்ட் போட்டுச் சமன் செய்துவிடலாம். பெரிய ஆலைகளுக்கு அது பெரும் செலவு; வீட்டில் செய்பவர் அதற்காக இரண்டாவது பம்ப் வாங்க வேண்டியதில்லை.

இனி வடிமது. பீருக்கு வோர்ட்டைக் கொதிக்கவைக்கிறோம். நொதிகள் அங்கேயே அழிகின்றன, சர்க்கரையின் தன்மை அத்துடன் நிலைத்துவிடுகிறது. மால்ட் விஸ்கி செய்பவர்கள் வோர்ட்டைக் கொதிக்கவைப்பதில்லை. அழியாமல் இருக்கும் நொதிகள் ஈஸ்ட்டோடு சேர்ந்து நொதிக்கலத்திலும் வேலையைத் தொடர்கின்றன. அதனால்தான் அவர்கள் முதல் நீர் கலந்த மாஷை 64 டிகிரியை ஒட்டியே நிறுத்துகிறார்கள். அடுத்தடுத்த நீர்களை மேலும் சூடாக ஊற்றி, கடைசியில் வரும் நீர்த்த வோர்ட்டை அடுத்த மாஷின் முதல் நீராகவே பயன்படுத்துவதும் உண்டு. ஆகவே இவர்களுக்குத் தேவையானவை வடிகட்டும் கலமும் வெந்நீருக்கு ஒரு தனிப் பாத்திரமும். மாஷ் செய்த பாத்திரத்திலேயே கொதிக்கவைக்கும் வசதி கொண்ட மின்சார இயந்திரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இவர்களுக்குப் பயன்படாது.

மக்காச்சோளமும் அரிசியும் வந்துவிட்டால் கலமே வேறாகிறது. பார்லியின் மாவுச்சத்து மாஷ் வெப்பத்திலேயே இளகி நொதிக்கு இடம் கொடுக்கும்; இவ்விரண்டின் மாவுச்சத்து இளக அதைவிடக் கூடுதல் வெப்பம் வேண்டும். எனவே முதலில் 85 டிகிரிக்கு மேல் வேகவைத்து, பிறகு 65 டிகிரிக்கு இறக்கி, மால்ட்டைச் சேர்க்க வேண்டும். வேகும் நேரத்தில் மக்காச்சோள மாவு களியாக இறுகி, துழாவும் கோலையே நிறுத்திவிடும். உமியும் இல்லாததால் எந்தத் துளைத்தட்டிலும் அது வடியாது. 51 சதவீதத்துக்குக் குறையாத மக்காச்சோளத்தைக் கட்டாயமாகக் கொண்ட போர்பன் விஸ்கியில் சக்கையைப் பிரிக்காமலே நொதிக்கவிடும் வழக்கம் நிலைத்ததற்கு இது ஒரு காரணம். இப்படிப்பட்டவருக்கு ஐஸ் பெட்டியும் உதவாது, கூடை இயந்திரமும் உதவாது. தடித்த அடிப்பாகம் கொண்ட அகன்ற பாத்திரமும், உறுதியான துடுப்பும், விரைவில் வெப்பத்தை இறக்கக் குளிர்நீர்ச் சுருளும்தான் வேண்டும். கட்டுரையின் பட்டியலில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

எந்தக் கலமானாலும் துத்தநாகப் பூச்சுள்ள வாளி, தொட்டிகளை ஒதுக்கிவிட வேண்டும். மாஷின் இயல்பான பிஎச் 5.2 முதல் 5.6 வரை, அந்த அமிலத்தில் துத்தநாகம் கரையும். குழாய்க்குச் சாதாரண பிவிசி வேண்டாம், சூட்டுக்கு ஏற்ற சிலிக்கோன் குழாய் போதும். பற்றவைத்த இணைப்புகளில் ஈயம் இருக்கக் கூடாது.

சட்டத்தைப் பற்றிக் கட்டுரை மௌனமாக இருப்பதும் குறைதான். அமெரிக்காவில் 1978-இல் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம் வீட்டுப் பயன்பாட்டுக்குப் பீர் தயாரிக்க வரிவிலக்கு அளித்தது. வடிப்பதற்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. நியூசிலாந்து 1996 முதல் சொந்தப் பயன்பாட்டுக்கு வடிப்பதையும் அனுமதிக்கிறது. பெரும்பாலான நாடுகளில் உரிமம் இல்லாமல் வடிப்பது குற்றம், சில இடங்களில் வீட்டில் பீர் தயாரிப்பதே குற்றம். வாசகர் தாம் வாழும் இடத்தின் சட்டத்தைப் பார்த்த பிறகே கருவிக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அடுத்த பகுதியில் வடிகலங்களைப் பற்றி எழுதப்போவதாகக் கட்டுரையாளர் அறிவித்திருக்கிறார். சக்கையோடு நொதிக்கவிட்டதை நேரடித் தீயில் வைத்த வடிகலத்தில் ஊற்றினால் அடிப்பிடித்து, அந்தத் தீய்ந்த வாடை மதுவோடு ஏறிவிடும் என்பதையும், சக்கையைப் பிழிந்து நீக்க வேண்டும் அல்லது நீராவி உறை போன்ற மறைமுகச் சூட்டைப் பயன்படுத்த வேண்டும் என்பதையும், மது ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் திறந்த தீயும் காற்றோட்டமில்லாத அறையும் கூடவே கூடாது என்பதையும் அந்தப் பகுதியின் தொடக்கத்திலேயே தெளிவாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்